சேர்ந்ததைப் பிரித்தவள்

தன் பெயருக்கு முன்னால் டாக்டர் போடாத கடிதத்தைப் பரந்தாமன் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். அப்பேர்ப்பட்ட பேராசிரியரின் கட்டுரையிலேயே தப்பு என்று சொல்ல, 1993 மே மாத வெயிலில், காட்டுப்பாக்கத்திலிருந்த அவர் வீட்டுக்கே போய் நின்றான் அவருடைய ஆய்வு மாணவன் வேம்புலி. ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழாவிட்டால் ஜூனில் கல்லூரி வேலை கிடையாது. நான்கு வருஷ உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

சங்கதி இதுதான். இரண்டு செடிகள், மரபணுக்கள் ஒன்றே, வரிசை மட்டும் வேறு. காலப்போக்கில் வரிசையில் ஒரு துண்டு அப்படியே தலைகீழாகப் புரண்டுவிடும். குறைந்தது எத்தனை முறை புரண்டால் ஒன்று மற்றதாகும் என்று தெரிந்தால், இரண்டும் எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். கையால் போட்டுப் பார்த்து, ஆறு என்று அச்சேற்றியிருந்தார் பரந்தாமன். வேம்புலி எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமோ ஐந்து என்றது.

"ஆறுன்னு மாத்தி எழுதிக்கினு வா. கையெழுத்து போடறேன்."

"அஞ்சுதான் சார் வருது."

"எங்க கழனியில நாத்து நட்டவ மவன் எனக்கு கணக்கு சொல்லித் தர்றியா?"

வேம்புலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மரபணுவுக்கு ஒன்றாக எண் போட்ட அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தான். இரண்டு முறை புரட்டியதும் நான்கு அட்டைகள் மட்டும் இடம் மாறி நின்றன: 3, 4, 1, 2. இன்னும் மூன்று புரட்டு புரட்டி அவற்றையும் நேராக்கிக் காட்டினான். ஆக ஐந்து.

கூலிக்காரி மகன் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததே பேராசிரியர் மனைவி நாகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அவன் மூக்கை உடைக்கவேண்டும் என்றே வந்தாள். "தள்ளு" என்று அந்த நான்கையும் பழையபடி வைத்தாள். 3, 4, 1 மூன்றையும் சேர்த்துப் புரட்டினாள்: 1, 4, 3, 2. பிறகு பின் மூன்றையும் புரட்டினாள்: 1, 2, 3, 4.

"முன்ன ரெண்டு, இப்ப ரெண்டு. நாலுதான். இன்னாடா அஞ்சு?"

"ஒண்ணும் ரெண்டும் சேந்து கீதும்மா. சேந்தத பிரிக்கக் கூடாது. அது விதி."

"எவன் வெச்ச விதி? செடி வெச்சுதா?"

அவன்தான் வைத்தான். சேர்ந்திருப்பதைப் புத்தியுள்ளவன் எவனாவது பிரிப்பானா என்று நினைத்து, புரோகிராமின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்த விதி அது. அவள் செய்தது சரி என்றால் ஆய்வேடு மொத்தமும் குப்பை.

பரந்தாமனும் அட்டைகளையே வெறித்தார். மிஷினிடம் தோற்றேன் என்றால் ஊர் ஒப்புக்கொள்ளும். பெண்டாட்டியிடம் தோற்றேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அட்டைகளை ஒரேயடியாகக் கலைத்துவிட்டு, பேனாவை எடுத்தார்.

"உனுக்கு இன்னாடி தெரியும்? உள்ள போ. வேம்புலி, அஞ்சுதான்யா சரி. குடு, போடறேன்."

நாகம்மாள் நகராமல் வேம்புலி பக்கம் திரும்பினாள். "நீ சொல்றா. நான் பண்ணது தப்பா?"

அவள்மேல் அவனுக்கும் கொலைவெறிதான். ஆனாலும் நான்கு சரி என்று அவனுக்குத் தெரியும். கையெழுத்தின் மை காய்வதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தப்புதாம்மா."

"ஆக, ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டீங்க" என்றாள் அவள்.

பரந்தாமன் சிரித்தார். வேம்புலியும் கூடச் சேர்ந்து சிரித்தான்.