எண்ணெயில் இரும்பு

...இன்னும் ஒரு சொட்டு, போதும், இளஞ்சிவப்பு வந்துவிட்டது, குடுவையைச் சுழற்றினாலும் மறையவில்லை, ஆக அமில அளவு சரி, நிறம் சரி, வாசனையும் சரி, பிறகு இந்த எண்ணெயில் இரும்பு மட்டும் ஏன் ஒன்பது, கிலோவுக்கு ஐந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாத இடத்தில் ஒன்பது... அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரையை மறுபடி பார்த்தாள், ஒன்பதேதான். "கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அனுப்பிடலாம் மேடம், ஆலைக்காரர் காலையில இருந்து வெளியில உக்காந்திருக்கார்," என்றார் அடுத்த மேசைக்காரர். பேனாவை எடுத்தவள் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை பார்த்துடறேன்." அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், அவள் எதையும் இரண்டாம் தடவை பார்ப்பவள் இல்லை, அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு, இல்லை, ஒரு காலத்தில் இருந்தது, தங்கை எண்ணெய் கொண்டுவந்த நாள் வரைக்கும்.

பத்தாவது தேறாத தங்கை, கடன்காரி மாதிரி எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவள், புருஷனும் அவளுமாக ஒரு சின்ன எண்ணெய் ஆலை போட்டு, முதல் எண்ணெயைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு இதே பரிசோதனை அறை வாசலில் வந்து நின்றாள். "நீயே பார்த்துச் சொல்லுக்கா, உன் கையெழுத்து இருந்தா கடைக்காரங்க நம்புவாங்க." இரும்பு பதினொன்று. எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், கடைகள் எல்லாம் கையை விரித்துவிட்டன, எட்டே மாதத்தில் ஆலை கைமாறியது, மாப்பிள்ளை வேறு ஊரில் யாரிடமோ சம்பளத்துக்குப் போனார். அப்புறம் ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பாட்டில் கைக்கு வந்தது, தகர மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்கத் துரு, எண்ணெய் பட்டுப் பட்டு ஊறிய துரு, பதினொன்றும் இதிலிருந்துதான்... யாரிடமும் சொல்லவில்லை. தங்கையோ இன்றுவரை, "பரவாயில்லக்கா, நீ உள்ளதத்தானே எழுதின," என்கிறாள், அதைக் கேட்கும்போதெல்லாம், சொல்லிவிடலாமா, சொன்னால் ஆலை திரும்பி வருமா, இப்படியே ஆறு வருஷம் போய்விட்டது.

குடுவைகளை அமிலத்தில் அலசினாள், அந்த ஆலைக்காரரின் இன்னொரு பாட்டிலின் முத்திரையை உடைத்தாள், எண்ணெயை எடை போட்டு, எரித்து, கரைத்து, கருவியில் வைத்தாள். இரண்டு. இரண்டுதான். முதல் தடவை குடுவையிலேயே ஏதோ ஒட்டியிருந்திருக்கிறது. "நல்லவேளை மேடம்," என்றார் அடுத்த மேசைக்காரர், "அந்த மனுஷன் பொழைச்சார்." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், எல்லாம் சேர்த்து அரை நாள், அவ்வளவுதான். தங்கை வந்த அன்றைக்கும் அரை நாள் இருந்ததே, அவசரம் என்று யார் சொன்னது, ஒருவரும் வெளியே காத்திருக்கவில்லையே... வீட்டில் எல்லோரும் தங்கையின் ஆலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வாரம் அது, சின்னவள் கெட்டிக்காரி, சின்னவள் கெட்டிக்காரி என்று. திரையில் பதினொன்று வந்தபோது மனசுக்குள் முதலில் எழுந்தது என்ன, பயமா, பாவமே என்றா... இல்லை, ஒரு சின்னச் சந்தோஷம். அவள் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள், காகிதத்தை அடுத்த மேசைக்கு நீட்டினாள், அலைபேசியை எடுத்துத் தங்கையை அழைத்தாள். "என்னக்கா, இந்த நேரத்துல?" துருவைப் பற்றிச் சொல்லிவிடலாம், அது வெறும் மூடி. மற்றதை எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல," என்றாள், "சாப்பிட்டியா?"