அரை விரல் இறக்கம்

சரிகைப் பட்டையின் கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது, ஊசி மாஸ்டருக்குத் தன்மேல் தனக்கே ஒரு மரியாதை வந்தது. அது அடிக்கடி வருகிற விருந்தாளி இல்லை. வந்ததை உபசரித்துவிடுவோம் என்று ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து கவுனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ராணியின் கவுன். ராணி கற்பனை, நாடகம் கற்பனை, கவுனின் கனம் மட்டும் நிஜம். கருஞ்சிவப்பு வெல்வெட். சதுரக் கழுத்து. முழங்கைவரை உப்பிப் போய் அங்கே திடீரென்று ஞானம் வந்து ஒடுங்குகிற கை. மணிக்கட்டில் மூன்றடுக்கு லேஸ். முதுகில் இருபத்தெட்டுக் கொக்கிகள். கழுத்துக்குக் கீழே, ஒரு தோளில் தொடங்கி நெஞ்சின் குறுக்கே மறு தோளுக்கு ஓடும் இரண்டு விரல் அகலச் சரிகைப் பட்டை. அதன் இரு ஓரமும் கடுகு கடுகாய் முத்து. முத்துகளுக்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்று. கண் போயிற்று என்று சொல்லலாம், ஆனால் அது போய்ப் பல வருஷம் ஆகிறது.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. அலங்காரத்தை மேஜையில் வைத்துத் தைக்கக் கூடாது. உடுப்பை ஆள்மேல் போட்டு, ஆளை ஸ்டூல்மேல் நிறுத்தி, முதலில் குண்டூசி, பிறகு ஓட்டுத் தையல், எல்லாம் சரியாக இருந்தால்தான் நிரந்தரத் தையல். வெல்வெட்டில் ஒருமுறை குத்தினால் குத்தினதுதான். பிரித்தாலும் தழும்பு நிற்கும். இதை அவரே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். இந்தக் கவுனில் மட்டும் நேராக நிரந்தரத் தையலுக்குப் போய்விட்டார். காரணம், இதைப் போடப்போகிறவள் அவர் மனைவி.

இருபத்திரண்டு வருஷம் அந்த ஸ்டூலில் நின்றவள் அவள்தான். நாடகக் குழுவில் எந்த ராணிக்கு, எந்த ஜமீன்தாரிணிக்கு உடுப்பு தைத்தாலும் முதலில் அவள் உடம்பில் ஏறி இறங்கித்தான் மேடைக்குப் போகும். இப்போது கதாநாயகி கால் முறிந்து படுத்துவிட்டாள். கவுன்கள் எல்லாம் யாருக்குப் பொருந்தும் என்று யோசித்த குழுத் தலைவியம்மாள், ராணி வேஷத்துக்கு அவளையே கூப்பிட்டுவிட்டாள். முழுக்கச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே நடிக்கிற வேஷம். இத்தனை வருஷம் நின்றதற்கு ஆண்டவன் தந்த நாற்காலி என்று மாஸ்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். சொல்லிச் சிரிக்க அவள் வீட்டில் இல்லை. பத்து மாதமாக அக்கா வீட்டில் இருக்கிறாள்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றைச் செய்திருக்கலாம். இடுப்புவரை இருந்த தலைமுடியை ஒருநாள் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தாள். முதல் நாள் அவர் கவனிக்கவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கவனிக்கவில்லை. நான்காம் நாள் ஸ்டூலில் நிறுத்தி ஒரு காலரைப் பொருத்தும்போது, "இன்னைக்கு காலர் நல்லா உட்காருதே" என்றார். அவள் இறங்கி, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, இரண்டு நாளில் கிளம்பிவிட்டாள். அந்தக் காலர் உண்மையிலேயே நன்றாக உட்கார்ந்திருந்தது என்பதுதான் இன்றுவரை அவர் தரப்பு வாதம். அது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது என்று அவருக்கே தெரியும்.

ஆகவே இந்தக் கவுன். முகம் பார்க்காமல் போனவன்தான், ஆனால் உன் உடம்பின் ஒவ்வொரு நூலளவும் எனக்குத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வேறு பாஷை இல்லை. அவள் இடது தோள் வலதைவிட அரை விரல் இறங்கியிருக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம். அதனால் பட்டையை இடது பக்கம் அரை விரல் ஏற்றித் தைத்தார். போட்டுக்கொண்டால் நேர்க்கோடாக நிற்கும். அளவெடுக்க அவளைக் கூப்பிடவும் இல்லை. பத்து மாதத்தில் தோள் என்ன வெளிநாட்டுக்கா போய்விடும்?

அவள் பதினொரு மணிக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, விருந்தாளி மாதிரி ஒரு நிமிஷம் நின்று, "உள்ள வரலாமா?" என்றாள்.

"ராணிக்கு யாரும்மா அனுமதி குடுக்கிறது" என்றார் மாஸ்டர். பிறகு, பத்து மாதமாக ஒத்திகை பார்த்ததையும் சொன்னார்: "முடி நல்லா இருக்கு."

"இது வளந்துடுச்சுங்க. இப்ப வெட்டணும்."

அவர் கவுனைக் கை காட்டினார்.

அவள் கவுனைச் சுற்றி நடந்தாள். முத்து ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். "எல்லாம் கையாலயா?"

"மெஷின்ல வச்சா முத்து உடைஞ்சிடும்."

"கண்ணு வலிச்சிருக்குமே."

இந்த ஒரு வாக்கியத்தில் அவர் முக்கால்வாசி வீட்டைக் கட்டி முடித்துவிட்டார். திரைக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு வந்து அவள் ஸ்டூலில் ஏறியதும் பின்னால் போய் நின்றார். இருபத்தெட்டுக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லத் தயார் செய்து வைத்திருந்தார். கீழிருந்து மாட்டிக்கொண்டே வந்தார். பத்தாவது கொக்கியில், "அந்த காலர் விஷயம்..." என்று தொடங்கினார். பதினெட்டில், "நான் ஒரு மடையன்" என்றார்.

"அதை நான் சொல்லவே இல்லையே."

"சொல்லாம விட்டதுக்கு நன்றி." அவள் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிப்புதான். இருபத்தெட்டாவதை மாட்டினார். இனி முன்னால் போய் முகத்தைப் பார்த்து, 'வீட்டுக்கு வந்துடு' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

முன்னால் வந்தார். முகத்துக்குப் போகிற வழியில் பட்டை இருந்தது.

சாய்ந்திருந்தது. இடது பக்கம் அரை விரல் ஏறி, சுவரில் கோணலாக மாட்டிய படம் மாதிரி. முத்துகளெல்லாம் அந்தக் கோணலை அடிக்கோடிட்டுக் காட்டின. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பல தரம் எண்ணித் தைத்த இடம். கை தானாக அளவு நாடாவை எடுத்தது, வாய் தானாகத் திறந்தது.

"தோளைக் கொஞ்சம் இறக்கு."

அவள் இறக்கினாள். பழக்கம். இடது தோள் மெல்லத் தாழ்ந்தது. பட்டை அப்படியே வந்து, நீர்மட்டம் மாதிரி நேராக நின்றது. மாஸ்டர் தன் ஆயுளில் பார்த்த மிக நேரான கோடு அதுதான். அவர் மனைவி அங்கே நின்றாள், அவர் நினைவில் வைத்திருந்தபடியே, ஒரு நூல் பிசகாமல்.

பிறகு அவள் மூச்சு விட்டாள். தோள் மேலே ஏறியது.

"முடியலைங்க" என்றாள். "இப்ப அது அப்படி நிக்கிறதில்ல."

"என்ன ஆச்சு? வைத்தியம் ஏதாவது..."

"அக்கா வீட்டுக்குப் பின்னாடி நீச்சல் குளம் இருக்கு. தினம் காலைல போறேன்."

"நீயா? தண்ணியிலயா?"

"நானேதான். முதல் வாரம் பூரா குடிச்சேன், இப்ப கொஞ்சம் நீந்துறேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாள்: "அங்க சொல்லிக்குடுக்கிற பொண்ணு முத நாளே கேட்டா, இந்தக் கையில என்னக்கா தூக்குவீங்கன்னு. அவளுக்குப் பாத்ததும் தெரிஞ்சிருக்கு."

மாஸ்டருக்கும் அப்போதுதான் தெரிந்தது. தேய்ப்புப் பெட்டி, உடுப்பு மூட்டை, பொத்தான் டப்பாக்கள் அடுக்கிய தகரப் பெட்டி. பஸ் ஏறும்போதும், அரங்கத்தின் மாடிப்படி ஏறும்போதும், அவள் இடது கையில். அவர் முன்னால் நடப்பார், வெறுங்கையோடு. கைதான் நம்ம முதல், நடுக்கம் வந்துட்டா அப்புறம் ஊசி பிடிக்க முடியாது என்பார். அந்த அரை விரலை அளந்து வைத்திருந்தார், அதற்கென்று துணியில் இடம் விட்டுத் தைத்தார். எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டதில்லை.

"பிரிச்சுத் தச்சுடறேன்" என்றார்.

"வெல்வெட்டாச்சே. ஓட்டை தெரியாதா?"

"மேடைக்குத் தெரியாது."

"நான் இருக்கணுமா? நாலு மணிக்கு ஒத்திகை."

இருக்கணும் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை முறையும் அதுதான், மனசும் அதுதான். ஆனால் அவள் அதைக் கேட்டபோது உடம்பு ஸ்டூலைவிட்டு இறங்கத் தயாராக முன்பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. உடம்பு சொல்வதைப் படிப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த படிப்பு.

"வேண்டாம்மா. நான் பாத்துக்கிறேன்."

இருபத்தெட்டுக் கொக்கிகளையும் கழற்றினார். மேலிருந்து கீழே, ஒரு வார்த்தையும் இல்லாமல். அவள் தன் உடையில் வெளியே வந்து, கவுனை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "ரொம்ப அழகா இருக்குங்க. மெய்யாத்தான்" என்றாள். அது பொய்யில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பையைக் குறுக்கே போட்டுக்கொண்டு போனாள். ஜன்னலிலிருந்து பார்த்தார். தெருமுனை திரும்பும்வரை அவள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

இடது பக்கப் பட்டையைப் பிரிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முத்து உருண்டு மேஜைக்கடியில் போனால் குனிந்து தேடினார், கிடைக்காவிட்டால் திட்டினார். யாரை என்று குறிப்பாக இல்லை. பிரித்த இடத்தில் வெல்வெட்டின் ரோமம் அழுந்தி, பொடிப்பொடியாக ஓட்டைகள் ஒரு வரிசையாகத் தெரிந்தன. இனி சரியான இடத்தைக் குறிக்க வேண்டும். மேஜையில் வைத்துக் குறிக்கலாம். ஆனால் தோளில் ஏறினால் வெல்வெட் இழுத்துக்கொள்ளும், மறுபடியும் கோணும். ஓர் ஆள் வேண்டும்.

வீட்டில் இருந்தது ஓர் ஆள்தான். நல்லவேளை, ஒல்லி.

சட்டைக்கு மேலேயே கவுனுக்குள் கைகளை நுழைத்தார். முதுகு திறந்தே கிடந்தது, மாட்ட யாருமில்லை. பாவாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். பெரிய கண்ணாடியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ராணி மீசையோடு அவரைப் பார்த்தாள். இதைப் பார்த்தால் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்து ஒரு கணம் சிரித்தும்விட்டார்.

பிறகு தோள்களைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல, ரசமட்டம் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி நேராக இருந்தன. ஐம்பத்தாறு வயசில், ஒரு பக்கமும் ஒரு நூல்கூட இறங்காத தோள்கள்.

துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்துக் கையைக் குறுக்கே கொண்டுபோனார். கண்ணாடியில் பார்த்தால் பக்கம் மாறியது, கை எங்கோ போயிற்று. நேரடியாகப் பார்த்துக் குறிக்கலாம் என்று தலை குனிந்து இடது தோளைப் பார்த்தார். பார்த்ததும் அது இறங்கியது. நிமிர்ந்தார், ஏறியது. மறுபடி குனிந்தார், இறங்கியது. சாக்பீஸ் முனை வெல்வெட்டுக்கு மேலே, தொடாமல் நின்றது. கால் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. திறந்த முதுகில் ஜன்னல் காற்று பட்டுக்கொண்டிருந்தது.