வாய் தவறி வந்த ஊர்

வெர்னன் ஹாஸ்கின்ஸ் அந்த வீட்டுக்குப் பச்சைச் சட்டையில் வந்திருந்தான். ஹார்லன் கல்லூரியின் நிறம் பச்சை. இதற்கு முன்பு ஊதா, அதற்கும் முன்பு மஞ்சள். அமெரிக்கக் கால்பந்துக் கோச்சின் பிழைப்பே அப்படித்தான். ஹெல்மெட் துடைக்கிற வேலையில் நுழைந்து, ஊர் ஊராகச் சட்டை மாற்றிக்கொண்டே மேலே ஏற வேண்டும். வருகிற திங்கட்கிழமை அவன் சிவப்புக்கு மாறப்போகிறான். டெல்வுட் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு அணி முழுக்க இனி அவன் பொறுப்பு. இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்த வேலை. ஆனால் தாங்கள் அறிவிக்கும் முன் விஷயம் வெளியே கசிந்தால் வேலை கிடையாது என்று டெல்வுட்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அதுவரை ஹார்லன் சோறுதானே தின்கிறான்? டேரியஸ் என்ற பையனிடம் கையெழுத்து வாங்கி வா என்று தலைமைக் கோச் துரத்திவிட்டார். எதிராளியைப் பாய்ந்து சாய்ப்பதில் அந்தப் பள்ளிப் பையனை மிஞ்ச மிசிசிப்பியில் ஆளில்லை. ஹார்லனில் சேரச் சம்மதம் என்று அவன் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் சாப்பாட்டு மேசையில் இருந்தது, மேலே பேனாவும்.

பையனின் அம்மா, ஊரில் எல்லாருக்கும் மிஸ் ஓடெல், வறுத்த கெளுத்தி மீனை வெர்னன் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்க கோச். போன வருஷம் இதே நாற்காலில உக்காந்துதான் ஒரு கோச் என் மூத்தவனுக்கு சத்தியம் பண்ணாரு. கையெழுத்து வாங்கின மாசமே வேற காலேஜுக்குக் கம்பி நீட்டிட்டாரு. மூத்தவன் அங்க ஆடக் கூப்பிட ஆளில்லாம பெஞ்சு தேய்ச்சிட்டிருக்கான்."

"நான் அந்த மாதிரி ஆளு இல்லங்க." வெர்னன் மீனைப் பிட்டான். "உங்க பையன என் சொந்தப் பிள்ளையாட்டம் பாத்துக்குவேன். ஒரு தடவை டெல்வுட்டுக்கு வந்து பாருங்க, அப்புறம் நீங்களே..."

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது.

"எங்க வரணும்?"

"ஹார்லனுக்குங்க. எத்தனையோ ஊர்ல வேலை பாத்தாச்சு, பேரு குழம்பிருது."

அவள் சிரித்துவிடுவாள் போலிருந்தது. அதற்குள் டேரியஸ் தலை நிமிர்ந்தான். "டெல்வுட்ல நீங்க வேலை பாத்ததே இல்லையே கோச். நீங்க இருந்த ஊரெல்லாம் நான் தேடித் தேடிப் படிச்சிருக்கேன்."

பையனின் கை பக்கத்தில் போன் கிடந்தது. அதில் அவன் ஒரு வரி போட்டால் போதும், டெல்வுட் போச்சு. மிஸ் ஓடெல் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆகஸ்ட்ல இவன் மைதானத்துல இறங்கறப்ப நீங்க அங்க இருப்பீங்களா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

இருப்பேன் என்றால் முடிந்தது. எத்தனையோ வீடுகளில் சொன்ன பொய்தான். ஆனால் தேடித் தேடிப் படித்தேன் என்றானே இந்தப் பையன், அது அவனை என்னவோ செய்தது.

"இருக்க மாட்டேங்க."

டேரியஸ் போனை எடுத்தான்.

"அதக் கீழ வைடா," என்றாள் மிஸ் ஓடெல். "அவரு பொழப்புல நாம மண்ணள்ளிப் போட வேணாம்." காகிதத்தை மடித்து, பேனாவோடு வெர்னன் பக்கம் தள்ளினாள்.

போன உயிர் திரும்பி வந்தது வெர்னனுக்கு. வெட்கமாகவும் இருந்தது.

பையனுக்குக் கோபமே இல்லை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "அப்ப என்னையும் டெல்வுட்டுக்கே கூட்டிட்டுப் போங்க கோச். எனக்குக் காலேஜ் முக்கியமில்ல. நீங்கதான்."

"உன் பேரச் சொல்லிப் பாத்தேன்பா. உயரம் பத்தாதுன்னுட்டாங்க."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

வெர்னன் தட்டைப் பார்த்தான். பிறகு பையனைப் பார்த்தான்.

"சரின்னேன்," என்றான்.