பாதிச் சவரம்

அப்பாவின் தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைச் சிவரூபி மறுபடியும் காதுப் பக்கமாக இழுத்துவிட்டாள். அது மறுபடியும் நழுவியது. வலது கன்னத்தில், ஓர் அரிசி நீளத்துக்கு, அவள் கை செய்த காயம் கறுத்துக் காய்ந்திருந்தது.

அந்தக் கன்னம் மழமழவென்றிருந்தது. இடது கன்னத்தில் நரைமயிர். செத்தவீட்டுக்கு வந்த எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

போன மாதம் கிணற்றடியில் வாழைக்குக் கிடங்கு வெட்டியபோது, சண்டைக்காலத்தில் இடம்பெயர முன்னர் அப்பா புதைத்த பிஸ்கட் தகரம் மண்வெட்டியில் பட்டது. நகையென்று நினைத்து அம்மா ஓடிவந்தாள். உள்ளே காணி உறுதிப் பத்திரம் மண்ணாகிப் போயிருந்தது. மிஞ்சியது அப்பாவின் மடக்குச் சவரக்கத்தி மட்டும், முழுக்கத் துரு. சிவரூபி அதுவரை எதையும் திருத்தியவளில்லை. யூடியூப்பைப் பார்த்து வினாகிரியில் ஊறவைத்தாள், தேய்த்தாள், உக்கிய பிடிக்குப் பதிலாகப் பாலை மரத்துண்டைச் சீவிப் பூட்டினாள், அப்பாவின் பழைய பெல்ட்டில் தீட்டினாள். விளிம்பருகே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

நேற்றுப் பின்னேரம் அப்பா கதிரையில் சாய்ந்து, துவாயைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"மூக்கை மட்டும் விட்டுவை பிள்ளை."

ஒரு கன்னம் முடியும் நேரம், அந்தப் புள்ளியில் கத்தி இழுத்தது. இரத்தத்தைக் கண்டதும் அவள் கத்தியை மடக்கிவைத்து, பஞ்சை எடுத்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள். மற்றப் பக்கத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று அவரே எழும்பிப் போனார். விடிய அம்மா தேநீரோடு எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

துருப்பிடித்த இரும்பு வெட்டினால் ஏற்பு வந்து உடம்பு விறைத்து இழுக்கும் என்பார்கள். ஊசி போடவில்லை. ஓர் இரவுக்குள் ஏற்பு ஆளைக் கொல்லுமா என்று தேடப் பயந்து, போனை அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்திருந்தாள்.

மரண விசாரணை அதிகாரி வருகிறார் என்று அண்ணன் பிரதாபன் சொன்னதிலிருந்து இன்னொரு பயம். அவருக்குச் சந்தேகம் வந்தால் உடல் பெரியாஸ்பத்திரிக்குப் போகும். வெட்டித் தைத்துத்தான் தருவார்கள் என்று அம்மா காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்ததும் அப்பாவின் நெஞ்சுவருத்தத்துக்கான கிளினிக் கொப்பியைப் புரட்டினார். பிறகு குனிந்து துணியை விலக்கினார்.

"இதென்ன காயம்?"

பிரதாபன் அம்மாவைப் பார்த்தான். அப்பாதான் தனக்குத் தானே வழித்தவர் என்று சொல்ல அம்மா வாயெடுப்பது சிவரூபிக்குத் தெரிந்தது.

"நான் வெட்டினது சேர். நேற்று, சவரம் செய்யேக்க."

கத்தியைக் கேட்டார். விரித்து வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் கறுப்புப் புள்ளியைச் சுரண்டினார்.

"இதாலை ஆள் சாகாது பிள்ளை. நெஞ்சுதான். கொண்டுபோகத் தேவையில்லை, காரியத்தைப் பாருங்கோ."

அவர் போனார்; பயம் போகவில்லை. குளிப்பாட்ட முதல் மிச்சத்தை வழிக்க வேண்டும். சலூன்காரரைக் கூட்டிவர பிரதாபன் மோட்டார்சைக்கிளைத் தள்ளினான். அம்மா மறித்தாள்.

"தொடங்கினவள் முடிக்கட்டும்."

சிவரூபி இடது கன்னத்தில் நுரையைத் தடவினாள். தோல் இழுத்த இடத்திலேயே நின்றது. அசையாதேங்கோ அப்பா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். தாடை வளைவில் கத்தி மறுபடியும் இழுத்தது. தோல் சின்னதாக விரிந்தது.

பஞ்சை எடுத்து, நேற்றுப் போலவே அதன்மேல் அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அதைத் திரும்ப வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.