ஸ்லோ குக்கரும் இரண்டு விருந்தாளிகளும்

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் வராருப்பா. கூட அவர் ஃப்ரெண்டும் வரார். எனக்கு டூட்டி இருக்கு, முடிச்சிட்டு அப்புறமா வந்து சேந்துக்கறேன். அவருக்குப் புல்டு போர்க்னா உயிர். முடிஞ்சா செஞ்சு வைங்களேன்."

மகள் போனில் இப்படிச் சொன்னதிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் வெளியூரில் பிசியோதெரபிஸ்ட். தான் கட்டிக்கொள்ளப் போகிறவர் நில அளவையாளர் என்று சொல்லி ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தாள். அதை அவர் தன் போனில் பார்த்தார். அவர் மனைவி தன் போனில் பார்த்தாள். "நல்லா இருக்கார்ல?" என்றார் அவர். "லட்சணமா இருக்கார்" என்றாள் அவள். ரொம்பப் பிடித்திருக்கிறது என்று மகளுக்கு இருவருமாகப் பதில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் எப்போதும் அவருடையதுதான். ஆனால் பன்றிக்கறியை வேகவைத்து நார் நாராகப் பிரிக்கும் இந்தப் புல்டு போர்க் அவர் கை படாத சமாச்சாரம். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அங்கே வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தியிடம் செய்முறையைக் கேட்டுக்கொண்டு, மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் அவளுடைய மின்சார ஸ்லோ குக்கரையும் இரவல் வாங்கி வந்திருந்தாள்.

ஞாயிறு காலை, எலும்போடு கூடிய பன்றித் தோள்பட்டைக் கறியை எடுத்து ஈரம் போகத் துடைத்தார். உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பழுப்புச் சர்க்கரை எல்லாவற்றையும் கலந்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல் இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தார். பீங்கான் பாத்திரத்தின் அடியில் வெங்காயத்தைப் பரப்பி, அதன் மேல் கறியை உட்கார வைத்து, ஓரமாகக் கொஞ்சம் வினிகரும் பார்பிக்யூ சாஸும் ஊற்றி மூடினார். குமிழைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை.

"இது ஓடுதா, இல்லையா?"

"சிவப்பு லைட் எரியுதே."

"லைட் எரியுது. சத்தத்தக் காணோமே."

வாழ்நாளெல்லாம் மோட்டார் சத்தத்தைக் காதால் கேட்டே பழுது கண்டுபிடித்தவர் அவர். சத்தமே போடாத மெஷினை எப்படி நம்புவது? மூடியைத் திறந்து பார்த்தார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் திறந்தார்.

"தெறக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கறேன். தெறந்தா சூடெல்லாம் போயிடுமாம். எலும்பு தானா கழண்டு வரணும், அப்பதான் வெந்துடுச்சுன்னு அர்த்தமாம்."

"கழண்டு வருதான்னு தெறக்காம எப்படிப் பாக்கறது?"

அவள் மூடியை அவர் கையிலிருந்து பிடுங்கி மூடினாள்.

மதியம் அழைப்பு மணி அடித்தபோது கறி பார்வைக்கு வெந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் முள்கரண்டியால் குத்தினால் டயரைக் குத்துவது போல் இருந்தது. அந்தக் கலவரத்தோடுதான் அவர் கதவைத் திறந்தார்.

வாசலில் இரண்டு பேர். ஒருவர் நல்ல நெட்டை. இன்னொருவர் குட்டையாக, அடர்ந்த தாடியோடு. நெட்டை கைகுலுக்கித் தன் பெயரைச் சொன்னார். தாடியும் கைகுலுக்கி அதே பெயரைச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு மாமா" என்று நெட்டை சிரித்தார். "ஒரே ஆஃபீஸ், ஒரே வேலை வேற. யாராவது கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புவோம்."

மெக்கானிக்கும் சிரித்தார். மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டதில் அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இவர்தான் நம்ம ஆள் என்ற உரிமையோடு நெட்டையின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார்.

சமையலறையில் மனைவி அவர் காதோரம் வந்தாள். "கூட வந்தவர் மேலயே கையப் போட்டுக்கிட்டு நிக்கறீங்களே. மாப்பிள்ளையக் கொஞ்சம் கவனிங்க. தாடியத் தடவிக்கிட்டுத் தனியா உக்காந்திருக்கார், பாவம்."

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "தாடியா? நெட்டையா இருக்கறவர்தானே மாப்பிள்ளை?"

"யார் சொன்னா?"

"போட்டோவுல இருந்தாரே!"

"போட்டோவுல ரெண்டு பேரும்தான் இருந்தாங்க."

போனை எடுத்துப் பார்த்தார்கள். நடுவில் மூன்று கால் வைத்த அளவைக் கருவி. அதற்கு இந்தப் பக்கம் நெட்டை, அந்தப் பக்கம் தாடி. அவர் பார்த்தபோது நெட்டை மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறார், தாடி யாரோ கூட வேலை செய்பவர். அவள் பார்த்தபோது நேர்மாறு.

"கூப்பிட்டுக் கேளு அவள."

கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு, 'பேஷண்ட் கூட இருக்கேன், வந்து பேசறேன்' என்று செய்தி வந்தது. அவர் பதிலுக்கு, 'ரெண்டு பேர்ல யாரு?' என்று தட்டினார்.

"அனுப்பாதீங்க" என்று அவள் கையைப் பிடித்தாள். "போட்டோ பாத்துட்டு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே, யாரச் சொன்னீங்கன்னு கேட்டா?"

"அப்ப நீயே போய் நேரா கேளு. நாளெல்லாம் வரவங்க போறவங்ககிட்ட பேரு கேக்கறதுதானே ஒன் வேல?"

"பல்லு வலின்னு வரவங்ககிட்ட கேக்கலாம். பொண்ணு கேக்க வந்தவங்ககிட்ட நீங்களா அவரான்னு கேக்க முடியுமா?"

அவர் யோசித்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. சட்டென்று ஒன்று தோன்றியது. சமையலறை வாசலில் நின்று, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "மாப்ள, ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்றார்.

இரண்டு பேரும் எழுந்து வந்து நின்றார்கள்.

"நாங்க ஒருத்தர ஒருத்தர் அப்படித்தான் மாமா கூப்பிட்டுக்குவோம்" என்றார் நெட்டை. கூப்பிட்டதற்கு ஒரு காரணம் வேண்டுமே. ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்து மேசையில் வைக்கச் சொன்னார் மெக்கானிக்.

கறி வேகவில்லை என்ற உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நெட்டை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மெதுவா வேகட்டும் மாமா, எங்களுக்கு என்ன அவசரம்? வாசனையே சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றார். தாடி, "பரவால்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த மகளின் பள்ளிக்கூடப் படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார். சார்! மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். எது மாப்பிள்ளை பேசுகிற பேச்சு, எது துணைக்கு வந்தவர் பேசுகிற பேச்சு என்று நீயே சொல் என்பது போல.

அவளும் ஒரு முயற்சி செய்தாள். இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த பூச்சாடியைப் பார்த்து, "கல்யாணத்த எப்ப வெச்சுக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க?" என்று கேட்டாள்.

தாடி வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் குடித்தார். நெட்டைதான் பதில் சொன்னார்: "மழையெல்லாம் முடியட்டும்னு சொல்றாங்க அத்தை. அப்பதான் லீவு கெடைக்கும்."

தீர்ந்தது. மெக்கானிக்கின் முகத்தில் பல்பு எரிந்தது. நான் சொன்னேன் பார்த்தாயா என்று மனைவியிடம் புருவத்தை உயர்த்திவிட்டு, நெட்டையைக் காற்று வாங்கலாம் என்று பால்கனிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே நின்று, அவர் யாரிடமும் பேசாததைப் பேசினார்.

"எம் பொண்ணப் பத்தி ஒண்ணு சொல்லணும். லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கறவங்க கதவத் தட்டுவாங்க, கத்துவாங்க, நாம ஓடிப் போவோம். இவ தட்ட மாட்டா. மனசு கஷ்டமானா அப்படியே கம்முனு ஆயிடுவா. நல்லா இருக்கான்னு நெனச்சுடாதீங்க. ஒண்ணும் கேக்க வேணாம், பக்கத்துல போய் உக்காந்தா போதும். விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க."

சொல்லி முடித்து, காய்ந்திருந்த துண்டு ஒன்றை இழுத்து மடித்தார். நெட்டைக்குக் கண் கலங்கியிருந்தது. "கண்டிப்பா மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

வெயில் சாய ஆரம்பித்தபோது மகள் வந்தாள். தோள் பையைக் கழற்றக்கூட இல்லை. கூடத்தைக் கடந்து நேராகத் தாடியிடம் போனாள்.

"சாப்பிட்டீங்களா? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பயந்துட்டீங்களா?" என்று கேட்டு, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். தாடி, வந்ததிலிருந்து இறுகியிருந்த முகம் தளர, முதல் முறையாகச் சிரித்தார்.

மெக்கானிக் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெட்டையைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், மறுபடியும் நெட்டையைப் பார்த்தார். அப்படியானால் மழை முடியட்டும் என்று சொன்னது? வாயடைத்துப் போன நண்பனுக்காகச் சொன்னது. மாமா, அத்தை? எல்லோரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார் போலிருக்கிறது. பால்கனியில் கலங்கிய கண்கள்? அது மட்டும் அவருக்குப் புரியவில்லை. வேறு வீட்டுப் பெண்ணுக்காக ஒருவர் அப்படிக் கலங்குவாரா என்ன?

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அவர் பின்னாலேயே போய், வேறெதைச் செய்வதென்று தெரியாமல் குக்கரின் மூடியைத் திறந்தார். நீண்டிருந்த எலும்பைப் பிடித்து இழுத்தார். வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவது போல் அது சுத்தமாகக் கழன்று கையோடு வந்தது. எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குச் சந்தோஷப்படுவதா என்று ஒரு கணம் விழித்தார்.

"நான் உதவி பண்ணட்டுமா மாமா?" நெட்டை உள்ளே வந்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க சொன்னத நான் அவன்கிட்ட அப்படியே சொல்லிடறேன். நீங்க கவலப்படாதீங்க" என்றார். பெண்ணின் அப்பா தன்னிடம் ஏன் சொன்னார் என்று அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கூச்சக்காரனிடம் நேராகச் சொல்லத் தயங்கி, நண்பனிடம் சொல்லி அனுப்புகிறார் என்றே நினைத்திருந்தார்.

"வேணாம் தம்பி" என்றார் மெக்கானிக். "நானே சொல்றேன். அவர வரச் சொல்லுங்க."

தாடி வந்தார். கறியை ஒரு பெரிய தட்டில் எடுத்து வைத்து, அவரிடம் இரண்டு முள்கரண்டிகளைக் கொடுத்தார் மெக்கானிக். தானும் இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்றால் அழுத்திப் பிடித்து மற்றொன்றால் இழுக்க, கறி நார் நாராகப் பிரிந்தது. ஆவி இருவர் முகத்திலும் அடித்தது.

பேச்சை ஆரம்பித்தார். "லிஃப்ட் இருக்குல்ல, லிஃப்ட்..." என்றார். மேலே வரவில்லை. பால்கனியில் அருவி மாதிரி கொட்டியதெல்லாம் எங்கே போயிற்று? ஒருமுறை சொன்னதை மறுபடியும் சொன்னால் பொய் மாதிரி இருக்கும் போல இருந்தது. "ஒண்ணுமில்ல. அவ ஒரு மாதிரி. சத்தம் போடாம இருந்தா... அதான் சொல்ல வந்தேன்."

தாடி கரண்டியை நிறுத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தெரியும் சார். அவங்க ஆஸ்பத்திரியில ஒரு வயசானவர் இறந்துட்டார். ரொம்ப நாளா இவங்கதான் நடக்கப் பழக்கிவிட்டிருந்தாங்க. அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தாங்க. பேசல. நானும் உக்காந்தேன். பஸ் எல்லாம் வந்து வந்து போச்சு. என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல. எனக்கு எப்பவுமே தெரியறதில்ல சார். இன்னிக்குக் கார்ல வரும்போது திரும்பிப் போயிடலாம்னு அவன்கிட்ட சொன்னேன். அவன்தான் விடல."

மெக்கானிக் அவரை அப்போதுதான் நேராகப் பார்த்தார். கையெல்லாம் சாஸ். நெற்றியில் வியர்வை. இந்த ஆளைத் தனக்குப் பிடித்திருக்கிறதா? சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் முழுக்க இன்னொருவர் மேல் வைத்த பிரியத்தைத் தூக்கி இவர் மேல் வைப்பது அத்தனை லேசாக இல்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்ததைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது உண்மை.

"சாஸ் பத்துமா பாருங்க" என்றார்.

தாடி ஒரு நாரை எடுத்து வாயில் போட்டார். "இன்னும் கொஞ்சம் வினிகர் விடலாம்... மாமா."

வினிகரை விட்டார்கள். எல்லோருமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பன்னுக்குள் கறியைத் திணித்துக் கைகளில் சாறு வழியச் சாப்பிட்டார்கள். நெட்டை பேசிக்கொண்டே சாப்பிட்டார். தாடி பேசாமல் சாப்பிட்டார், எல்லோரையும்விட அதிகமாக. மனைவிக்குத் தான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமாகிவிட்ட பூரிப்பு. நெட்டைக்கு ஒரு பன், தாடிக்கு இரண்டு பன் என்று வெளிப்படையாகவே ஓரவஞ்சனை செய்தாள். அதைப் பார்த்த மெக்கானிக், மனசு கேட்காமல், நெட்டையின் தட்டில் தன் பங்கிலிருந்து ஒரு கரண்டி கறியை அள்ளி வைத்தார்.

விருந்தாளிகள் கைகழுவப் போனபோது மகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "எப்படிப்பா இருக்கார்? பிடிச்சிருக்கா?"

அவர் மேசையிலிருந்த தட்டுகளை அடுக்கினார். போட்டோவைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். மனைவி தூரத்திலிருந்தே வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நல்ல மனுஷன்தான்னு தோணுது. ஆனா ஒண்ணு."

"என்னப்பா?"

"அடுத்த தடவ அவரத் தனியா வரச் சொல்லும்மா."

"ஏம்ப்பா, ஃப்ரெண்டப் பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படியில்ல. அவரயும் வரச் சொல்லு. வேற ஒரு நாளைக்கு."

மகள் ஒன்றும் புரியாமல் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினாள்.