நரிப்படத்தில் ஓடிய பாடம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் இருபத்தாறு வருடம் மூட்டை ஏற்றினேன். அரிசி, சீமெந்து, காஸ் சிலிண்டர் என்று நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற எதுவும் என் தோளைத் தொடாமல் போனதில்லை. இப்போது முதுகு குனிந்தால் நிமிர மறுக்கிறது. மனைவி அன்னபூரணம் எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் ஒரே கதைதான்: "இருந்து செய்யிற வேலை ஒண்டு பாருங்கோவன்."

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆவணியில் அப்படி ஒரு வேலை வந்தது. பயணிகளுக்கு உயிர்காப்பு அங்கி கொடுத்து, சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிற ஆள் படகுச் சங்கத்துக்குத் தேவைப்பட்டது. இணையத்தில் அவர்களுடைய பாடம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து, முடிவில் வருகிற பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணியோடு முடிவு.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிப் படகுக்கு ஏற்றிவிட்டு, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சனசமூக நிலையத்துக்குப் போனேன். நாற்பத்து மூன்று வயதில் 'அ' எழுதப் பழகியதும் அதே கட்டடத்தில்தான். படகோட்டி பஸ்ரியாம்பிள்ளை அண்ணையும் கூட வந்தார். அவருடைய படகுக்குத்தான் அந்த ஆள் தேவை.

நிலையத்துக் கணினிக்குப் பொறுப்பு பிரியவதனி. திரையில் இணையத்துக்குப் போக மூன்று படங்கள் இருந்தன: ஒரு நிறவட்டம், ஒரு நீல எழுத்து, ஒரு நரி. அவள் முதலில் நிறவட்டத்தைத் திறந்தாள். பாடம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் சதுரம் கிடந்தது. மேலே ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதை நான் பார்த்து முடிக்கமுன் அவள் 'வேண்டாம்' என்று அமத்திவிட்டாள். சதுரம் சதுரமாகவே கிடந்தது.

நீல எழுத்து ஏதோ புதிதாகப் போடவேண்டும் என்றது. அதற்குக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் நிலையத் தலைவரிடம் இருக்கிறது. தலைவர் கொழும்பில், தொலைபேசியும் எடுக்கவில்லை.

மணி மூன்று ஐந்து.

"தம்பிராசா, நீர் மவுசை மூட்டை மாதிரிப் பிடிச்சிருக்கிறீர்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. "அது நசியப்போகுது."

"நீங்கள் உங்கடை சுக்கானைப் பாருங்கோ அண்ணை."

பிரியவதனி நரியைத் திறந்தாள். அதே சாம்பல் சதுரம். அதே மாதிரி ஒரு பெட்டி. அவளுடைய விரல் மறுபடி போனது.

"பிள்ளை, பொறும். என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்க விடும்."

"உதுகளை வாசிக்கிறேல்லை மாமா. எது கேட்டாலும் வேண்டாம் எண்டுதான் அமத்திறது. போன வருஷம் ஒண்டுக்கு ஓம் எண்டு அமத்தி, கணினி முழுக்க விளம்பரம். தலைவர் என்னை ஒரு கிழமை பேசினவர்."

"தமிழிலைதானே கிடக்கு. ஒருக்கா வாசிப்பம்."

எனக்கு விரல் வைத்துத்தான் வாசிக்க வரும். திரையில் விரலை வைத்தேன். "இந்தத் தளம்... செருகுநிரலை இயக்க... அனுமதி கேட்கிறது." மூன்றாவது சொல்லைத் தாண்ட இரண்டு தரம் முயன்றேன்.

"செருகுநிரல் எண்டால் என்ன பிள்ளை?"

"பிளக்-இன், மாமா. படமும் சத்தமும் ஓட வைக்கிற சாமான். உலாவியோடை பிறகு சேர்க்கிறது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துறையில் ஒரு முறை உண்டு. துறையிலிருந்து படகுக்கு ஏறப் போட்ட பலகையின் அடியில் மூட்டையோடு நிற்போம். படகுக்காரர் "ஏத்து" என்று சொல்லாமல் பலகையில் கால் வைக்கக் கூடாது. அவர் வாயைத் திறக்கும் வரை ஐம்பது கிலோவோடு நிற்கவேண்டும். தொடங்கின வருடம் அவர் சொல்லமுன் நான் ஏறி, படகு சரிந்து, இரண்டு மூட்டை சீனி கடலுக்குப் போனது. அதற்குப் பிறகு நான் பிழைவிட்டதில்லை.

"இது பலகையடியிலை நிக்குது," என்றேன். "ஏத்தவோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்குது. நாங்கள்தான் ஒவ்வொருக்காவும் போ எண்டு கலைக்கிறம்."

பிரியவதனி சிரிக்கவில்லை. "விளம்பரம் வந்தால் தலைவருக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"கள்ளச் சாமானும் அப்பிடித்தான் பலகையடியிலை வந்து நிக்கும்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. "ஆரின்ரை சாமான் எண்டு பார்த்துத்தான் நான் ஏத்து எண்டுறனான்."

நான் விரலைக் கீழே இறக்கினேன். சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "இந்தத் தளத்துக்கு மட்டும்." மேலே பட்டையில் சங்கத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பிரியவதனி பார்த்தாள். ஒரு மூச்சு விட்டாள்.

"அமத்துங்கோ மாமா. நான் அமத்தமாட்டன்."

'ஓம்' என்று அமத்தினேன். சாம்பல் சதுரம் ஒருதரம் கறுத்தது. பிறகு கடல் வந்தது, படகு வந்தது, செம்மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் தமிழில் கதைக்கத் தொடங்கினாள்.

"சத்தம் கூட்டும் பிள்ளை," என்று பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

பாடம் இருபது நிமிடம். கேள்விகளை நான் விரல் வைத்து வாசிக்க வாசிக்க மணிக்கூடு ஓடியது. பிரியவதனி வாசித்துத் தரவோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கடைசிக் கேள்விக்கு அமத்தும்போது நாலு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. திரையில் வந்தது: பத்துக்கு ஒன்பது. சித்தியடைந்துவிட்டீர்கள்.

பிழைவிட்ட கேள்வி இது: படகில் முதலில் ஏற்றவேண்டியது எது, ஆட்களா சாமான்களா? நான் சாமான் என்று போட்டிருந்தேன். இரண்டையும் ஒரே படகில் ஏற்றக்கூடாது என்பதுதான் சரியான விடை.

"பாடத்திலை வந்த அந்தப் பிள்ளை குறிகட்டுவானுக்கு வரேல்லைப் போலை," என்றார் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை.

பிரியவதனி சான்றிதழை அச்செடுத்துத் தந்தாள். பிறகு தானாகவே நிறவட்டத்தைத் திறந்து, அங்கே எதை எதைத் தடுத்துவைத்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்கத் தொடங்கினாள். பட்டியல் நீளம் போலிருக்கிறது. நாங்கள் வெளிக்கிட்டபோதும் அவள் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிப் படகு. புதுச் சேர்ட், கையில் பத்து அங்கி. பாரம் என்றே சொல்ல முடியாது. பலகையடிக்குப் போய் நின்றேன். பின்னால் சனம் நெருக்கியது. நான் அசையவில்லை.

பஸ்ரியாம்பிள்ளை அண்ணை சுக்கானடியில் இருந்து என்னைப் பார்த்தார்.

"என்ன ஐசே நிக்கிறீர்?"

"நீங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை."

"இருபத்தாறு வருஷம் மூட்டைக்குச் சொன்னனான். இப்ப உமக்கும் சொல்லவேணுமோ?" என்றார். பிறகு, துறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏறும்."

ஏறினேன். முன் வரிசையில் எனக்கென்று ஒரு இருக்கை விட்டிருந்தார்கள்.