இடது தட்டு, வலது பாட்டு

எங்கள் கட்டடத்தில் வெந்நீர் வேண்டுமென்றால் நீலப் புள்ளி வைத்த குழாயைத் திறக்க வேண்டும். சிவப்பைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும். கட்டடம் கட்டியபோது குழாய் போட்ட ஆள் எந்த யோசனையில் இருந்தானோ, எல்லா வீட்டுக் குளியலறையிலும் ஒன்றுபோல மாற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஒன்றுபோல இருப்பதால் நாங்கள் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. வழக்கம் என்கிறோம். விருந்தாளிகள்தான் அலறுவார்கள். அலறல் வரும் திசையை வைத்தே யார் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அலறல் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கனத்த, வியாபாரக் குரல். யாரென்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தட்டுக்காரத் தம்பியின் மாமனார் முந்தின நாள் சாயங்காலமே ஒரு தோல்பையோடு வந்து இறங்கியதை நான்தான் மாடிப்படியில் பார்த்தேனே. இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் குழாய்க்கடை வைத்திருக்கிறார். குளியலறைச் சாமான் எதுவாக இருந்தாலும் அவர் கடையில் கிடைக்கும். மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சிவப்புதான் வெந்நீர் என்று நம்பி, நீலத்தை முழுசாகத் திறந்துவிட்டு அதன் அடியில் போய் நிற்பார். யார் சொன்னாலும் கை கேட்காது. தொழில் பழக்கம்.

தட்டுக்காரத் தம்பி என்பது நாங்கள் வைத்த பெயர். பாத்திரத் தட்டு இல்லை, இசைத்தட்டு. அவன் விருந்துகளில் பாட்டுப் போடுகிற டிஜே. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். வரவேற்பறையில் நீள மேசை போட்டு, இடது பக்கம் ஒரு சுழலும் தட்டு, வலது பக்கம் ஒரு சுழலும் தட்டு, நடுவில் ஒரு லேப்டாப் என்று வைத்திருப்பான். சோபா போட வேண்டிய இடம். வருகிறவர்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம், வாங்கின சல்லடையைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நான் போனபோது, மாமனார் அந்த மேசைக்குப் பின்னால் கைகளை முதுகில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பழுது பார்க்க வந்தவரைப் போல.

"இந்தத் தட்டுல பாட்டே இல்லையா?"

"இல்ல மாமா. பாட்டெல்லாம் லேப்டாப்புல இருக்கு. தட்டுல ஒரு சிக்னல் மட்டுந்தான். தட்டு எவ்ளோ வேகமா சுத்துது, எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஊசி படிச்சுச் சொல்லும். நாம தட்டைப் பின்னால இழுத்தா லேப்டாப்புல பாட்டும் பின்னால போகும்."

"அந்த சிக்னலைத் தனியா கேட்டா எப்படி இருக்கும்?"

கேட்டிருக்க வேண்டாம். தம்பி ஆசையாக எதையோ அமுக்கினான். வீடு முழுக்க ஒரே கீச்சொலி. மழைக்குக் கதவு இறுகிப்போனால் இழுக்கும்போது வருமே, அது நிற்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. மாமனார் காதைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்காகவா நான் என் பொண்ணை..." என்று ஆரம்பித்தவர், சமையலறை வாசலில் நின்ற மகளின் பார்வையைக் கண்டு மீதியை விழுங்கினார்.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். எதிரில் இருப்பவருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அவளுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும். பேச்சும் அளவுதான்.

மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அப்போ தட்டுங்கறது திருகு. தண்ணி வேற தொட்டில இருக்கு."

"அதேதான் மாமா!" மாப்பிள்ளைக்குக் கண் கலங்காத குறை. கல்யாணமானதிலிருந்து மாமனார் அவன் தொழிலைப் பற்றிப் புரிந்துகொண்ட முதல் விஷயம் அது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. தம்பி தட்டை அசைத்துக் காட்ட, மாமனார் குனிந்து லேப்டாப் திரையைப் பார்த்தார். அதில் இடது பக்கம் ஒரு பாட்டு, வலது பக்கம் ஒரு பாட்டு என்று கோடுகளாகத் தெரிந்தன.

"இடது தட்டைத் தொடுறீங்க. வலதுபக்கப் பாட்டுல்ல அசையுது?"

"அது அப்படித்தான் மாமா. மூளை இருக்குல்ல, வலதுபக்க மூளைதான் இடது கையை ஆட்டுது. அந்த மாதிரி."

"மூளை வேற, குழாய் வேற மாப்ள."

நானும் இதை முன்பே கவனித்திருக்கிறேன். கேட்டபோது எனக்கும் இதே மூளைக் கதைதான் கிடைத்தது. நடந்தது இவ்வளவுதான்: சாமானையெல்லாம் ஊரைவிட்டுப் போன ஒருவரிடமிருந்து பழசாக வாங்கினான். தட்டுகளுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் எது இடது, எது வலது என்று எழுதியிருந்தது தேய்ந்துபோயிருந்தது. இவனாக ஒரு குத்துமதிப்பில் வயரைச் சொருகினான். பாட்டு வந்தது. பாட்டு வந்த பிறகு வயரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? இடது தட்டு வலது பாட்டையும் வலது தட்டு இடது பாட்டையும் ஆட்ட, அதிலேயே பழகி, அதிலேயே தேறிவிட்டான். உலகத்தில் எல்லா டிஜேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். நீலக் குழாயில் குளிக்கிற நாங்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது.

"அப்பா, ஒரு நாள் விடுங்க. நாளைக்கு அவருக்கு முக்கியமான நாள்" என்றாள் மகள்.

"எனக்கும்தாம்மா" என்றார் அப்பா.

இருவருக்கும் முக்கியமாக இருந்ததற்குக் காரணம் ஒன்றே. பெரிய தெருவில் ஒரு விருந்து ஹால் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் அங்கே ஓர் அலுவலக மேலாளரின் பணி ஓய்வு விருந்து. அதற்குப் பாட்டுப் போடத் தம்பியைக் கூப்பிட்டிருந்தார் ஹால்காரர். நன்றாகப் போட்டால் இனி வாராவாரம் அவனுக்கே. போடாவிட்டால் அவன் ஹால் பக்கமே வர வேண்டாம். இதைக் கேள்விப்பட்ட மாமனார், "ஹால் கிடைச்சா உங்க இஷ்டம். கிடைக்கலேன்னா திங்கக்கிழமை என்கூடக் கடைக்கு வந்துடணும்" என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் தலையாட்டிவிட்டான். கல்லாவுக்குப் பக்கத்தில் அவனுக்காகப் புது நாற்காலிகூட வாங்கிப் போட்டாகிவிட்டது. பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் போட்டிருந்த அந்த நாற்காலியை மாமனார் போனில் எனக்கே காட்டினார். தம்பி அந்தப் படத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

விருந்துக்கு நானும் போனேன். அழைப்பு என்று தனியாக இல்லை. தம்பியின் மனைவி, "துணைக்கு வரீங்களாக்கா?" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்துப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். கேட்டாள்.

ஹாலில் தட்டு, பெட்டி, வயர் எல்லாம் அவர்களுடையதே. சவுண்டுக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் மேசைக்குள்ளேயே இழுத்து முடுக்கி, மேலே பலகை போட்டு மூடியிருந்தார். சுத்தமான வேலை. இடது தட்டுக்கு இடது பாட்டு, வலது தட்டுக்கு வலது பாட்டு. தம்பி லேப்டாப்பை மாட்டி ஒரு பாட்டைத் தட்டிவிட்டான்.

"வருதா?" என்றார் சவுண்டுக்காரர்.

"வருதுண்ணே."

இரண்டு பேருக்கும் திருப்தி. அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் பாட்டு அழகாக ஓடியது. ஓய்வு பெறுகிற மேலாளரை நாலு பேர் சேர்ந்து நடுவில் இழுத்துவிட்டார்கள். மனிதர் வேலையில் இருந்த நாளெல்லாம் சிரித்திருக்க மாட்டார் போலிருக்கிறது. அன்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினார். அடுத்த பாட்டைத் தயார் செய்ய வேண்டிய நேரம் வந்தது. காத்திருக்கிற பாட்டை ஹெட்போனில் கேட்டபடி, தட்டை முன்னும் பின்னும் அசைத்து, சரியான இடத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். சபைக்கு அது கேட்கக் கூடாது. தம்பி வீட்டில் செய்கிற மாதிரியே கையை ஒரு தட்டின்மேல் வைத்து அசைத்தான்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு வறட் வறட் என்று முன்னும் பின்னும் போய், செத்துவிட்டது.

மேலாளர் தூக்கிய கையோடு நின்றார். கரண்டு போய்விட்டது என்று நினைத்துச் சிலர் விளக்கைப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. தம்பி எப்படியோ பாட்டை மறுபடி ஓடவிட்டான். மேலாளரும் விட்ட இடத்திலிருந்து ஆடினார். மறுபடி தயார் செய்யப் போனான். மறுபடி வறட் வறட். இந்த முறை ஜனங்கள் விளக்கைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்கள்.

"என்னாச்சு இவருக்கு? வீட்டுல நல்லாத்தானே போட்டாரு" என்று தம்பியின் மனைவி என் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது.

அவன் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தான். ஊசியை ஊதிப் பார்த்தான். ஹெட்போனைக் கழற்றி மாட்டினான். கை போகிற இடத்தை மட்டும் பார்க்கவில்லை. பழகிப்போன கையை யார் சந்தேகப்படுவார்கள்? மூன்றாம் முறையும் பாட்டு செத்தபோது, மேலாளர் கையை இறக்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி மேலாளராகிவிட்டார். அந்தக் கோடியிலிருந்து ஹால்காரர் கிளம்பி, நாற்காலிகளுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தார். வேகமாக வரவில்லை. வேலையைவிட்டு அனுப்பப் போகிறவர்கள் வேகமாக வருவதில்லை.

நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில், வெந்த தோளில் மருந்து தடவி, சட்டை படாமல் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதல் தடவை பாட்டு நின்றபோது அவர் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். இல்லை என்று அவர் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன். இரண்டாம் தடவை சிரிப்பு போய்விட்டது. தலையை நீட்டி மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். பாட்டைப் பார்த்தார். மறுபடி கையை. மூன்றாம் தடவை அவர் முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது. தோளில் இல்லை, அதைவிட உள்ளே. ஒழுகுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டிய குழாய்க்காரரின் வேதனை.

சும்மா இருந்திருந்தால் திங்கட்கிழமை மாப்பிள்ளை அவர் கடையில். பேசாமல் இருந்தாலே போதும். மனிதர் எழுந்துவிட்டார்.

"மாப்ள! லைன் மாறியிருக்கு! நீலத்தைத் தொற! நீலத்தை!"

கல்யாணமானதிலிருந்து மாப்பிள்ளையை அவர் ஒருமையில் பேசியது அன்றுதான். ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவர், "பெரியவருக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றார்.

ஆனால் எங்கள் கட்டடத்தில் குளிக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தம்பி நிமிர்ந்தான். தன் இரண்டு கைகளையும் ஏதோ புதிதாக முளைத்தவை போலப் பார்த்தான். பிறகு இடது கையை எடுத்து வலது தட்டில் வைத்தான். வலது கையை அதன் மேலாகப் போட்டு இடது தட்டில் வைத்தான். அசைத்தான். ஓடிய பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. காத்திருந்த பாட்டு ஹெட்போனுக்குள் வந்து நின்றது. அதை இதன்மேல் ஏற்றினான்; எங்கே இது முடிந்தது, எங்கே அது தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

அன்று விருந்து முடியும்வரை அவன் கையைப் பிரிக்கவில்லை. கும்பிடப் போய் வழி தவறியவனைப் போல, இரண்டு கையையும் குறுக்கே போட்டுக்கொண்டு, கழுத்தை மட்டும் தாளத்துக்கு ஆட்டியபடி பாட்டுப் போட்டான். பிரித்தால் குழம்பிவிடுவோம் என்ற பயம் அவனுக்கு. பார்த்தவர்களுக்கு அது பயமாகத் தெரியவில்லை. இளசுகள் மேசையைச் சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். மேலாளர் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கிவிட்டார். பாதி வழியில் நின்ற ஹால்காரர் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்ததும் அவர்தான் வந்து கேட்டார்.

"முதல்ல மூணு தடவை நிறுத்தினது எதுக்கு?"

"அது... ஒரு எதிர்பார்ப்பு உண்டாக்க" என்றான் தம்பி.

"அது வேணாம். ஆனா அந்தக் கை குறுக்க வைக்கிறது இருக்கே, அதை விட்டுடாதே. வாராவாரம் வந்துடு. கை குறுக்கதான் இருக்கணும். நேரா வெச்சுப் போடறதுக்கு ஊருல ஆயிரம் பேர் இருக்கான்."

தம்பியின் மனைவி என் கையை விட்டாள். கையில் ரத்த ஓட்டம் திரும்பி வந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்து மாடிப்படியில் ஏறும்போது மகள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்பா சொன்னீங்க? சும்மா இருந்திருந்தா நாளைக்கு உங்க கடையில இருந்திருப்பாரு."

"லைன் மாறி இருக்கறதைப் பாத்துக்கிட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது?" என்றார். குரலில் தோற்றவரின் வருத்தத்தைவிட, தொழில்காரரின் ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை தோல்பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். முதலில் வரவேற்பறை மேசைக்குத்தான் போனார்.

"இந்த வயரையும் ஒரு நிமிஷத்துல மாத்திச் சொருகிடறேன்."

"ஐயோ மாமா, வேணாம்!" "அப்பா, அதைத் தொடாதீங்க!" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். வீட்டில் மாறியிருந்தால்தானே ஹாலில் கை குறுக்கே போகும். அவருக்கும் அது புரிந்தது. பிடிக்கவில்லை, புரிந்தது. ஸ்பேனரோடு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறெங்கோ போனார். கொஞ்ச நேரம் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டது. பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தனியாக ஊருக்குக் கிளம்பிவிட்டார். கடைக்குப் போனதும் புது நாற்காலியின் உறையைக் கிழித்துப்போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார் என்று பிறகு மகள் சொன்னாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து ஓர் அலறல் வந்தது. விருந்தாளி யாரும் வரவில்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்புமணி அடித்தது.

வாசலில் தட்டுக்காரத் தம்பி. தலையெல்லாம் சோப்பு நுரை, தோளில் துண்டு, அதன் அடியில் சிவந்துபோன தோள்.

"அக்கா," என்றான், "உங்க வீட்டுல இன்னும் பழையபடிதானே?"